கருவாட்டுக் கடையின் நீலப் பலகை

போன வாரம் நம் பட்டறை வாட்ஸப் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: "செல்வி அக்கா, கேபினுக்கு ரஸ்டிக் ஷெல்ஃப் ஆர்டர் வந்திருக்கு. பழைய மரத்துக்கு எத்தனை கோட் அடிக்கணும்?" ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளை இப்படி மரியாதையாகக் கேட்டால் மனசு குளிராமல் இருக்குமா? ஒரு வரியில் பதில் போடலாம் என்றுதான் போனை எடுத்தேன். ஒரு வரியில் அடங்கவில்லை. டீ குடித்துக்கொண்டே படியுங்கள், அல்லது சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போன நேரத்தில் படியுங்கள். நானும் சூப்பர்வைசராக இருந்தவள்தான், நீங்கள் எந்த நேரத்தில் போன் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வியாசர்பாடிக்காரி. எர்ணாவூரில் நம் பட்டறைக்குப் பட்டி பார்க்கும் கையாளாக வந்து, பாலிஷ் கற்றுக்கொண்டு, கடைசியில் ஃபினிஷிங் சூப்பர்வைசராக வெளியே வந்தேன். கப்பலில் ஊர் ஊராகச் சுற்றி ஓய்ந்துபோன கன்டெய்னரை வாங்கி, ஜன்னல் வெட்டி, உள்ளே பிளைவுட் அடித்துக் கேபினாக்குவது அப்போதும் நம் வேலை, இப்போதும் அதுதான். புது மரத்தைப் பழசாகக் காட்டுவதும் பழைய மரத்தைப் புதுசாகக் காட்டுவதும் என் கைக்குப் பழகிய வித்தை. தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

ரஸ்டிக் என்ற வார்த்தை பட்டறைக்குள் வந்த நாள் நினைவிருக்கிறது. டிராயிங் போடுகிற தம்பி, மரம் பழசாகவே தெரிய வேண்டும், ஆணி ஓட்டையும் கீறலும் அப்படியே இருக்க வேண்டும், இப்போது எல்லோரும் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று விளக்கினான். எங்கள் தலைமைத் தச்சர் ரசாக் பாய் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "பழசு தான வோணும்? எங்க வூட்டு பாத்ரூம் கதவு கீது, கயட்டி எடுத்தாரட்டா?" என்று கேட்டார். பட்டறையே சிரித்தது, அந்தத் தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

சிரிப்புதான், ஆனால் பாய் அதை முழுக்க விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் பக்கத்து ஜனங்களுக்கு நல்ல நாள் என்றால் புதுசு. பொங்கலுக்கு முன்னால் சுவரில் ஒரு கை சுண்ணாம்பாவது ஏறியாக வேண்டும். பெருநாளுக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் பாய் தன் வீட்டு நிலைக்கதவுக்கு வார்னிஷ் அடிக்காமல் இருந்ததே இல்லை. கடை திறக்கிற ஒருவருக்குப் பழம்பலகையை மாட்டிக் கொடுப்பது, கிழிந்த சட்டையோடு மாப்பிள்ளையை மேடையில் உட்கார வைப்பது மாதிரி என்பார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் முகத்துவாரக்குப்பத்திலிருந்து கஸ்தூரி வந்தாள். கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கருவாடு விற்றவள். பெரிய ரோட்டோரம் ஒரு சின்ன இடம் கிடைத்ததும், பத்தடி கேபின் ஒன்றை வாங்கிக் கடையாக்க முடிவு செய்திருந்தாள். மூன்று பக்கமும் ஷெல்ஃப் வேண்டும், கண்ணாடி ஜாடியில் நெத்திலியும், பொடிப்பொடி இறாலாக இருக்குமே அந்தச் சென்னாக்குன்னியும் வைத்தால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டும் என்றாள். மரத்தை மட்டும் நாங்கள் வாங்க வேண்டாம், அவளே தருவாளாம். அவள் புருஷன் ஏழுமலையின் மரப் படகு.

கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பகீரென்றது. கஸ்தூரி உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள். ஏழுமலை ஆற்றுமுகத்தில் வலை போட்டுப் பிழைத்தவர். வலை இழுக்கும்போது வலது தோள் இறங்கிவிட்டது. இனிமேல் வலை இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, காலையில் போய் அதன் பக்கத்தில் உட்காருவார், பசித்தால் வீட்டுக்கு வருவார், மறுபடியும் போய் உட்காருவார். யாரோடும் பேச்சில்லை. கடையில் வந்து உட்காரச் சொன்னதற்கு, பொட்டலம் மடிக்க நான் வரமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். படகைப் பிரித்து ஷெல்ஃப் போடட்டுமா என்று அவள் கேட்டபோது பல நாள் பதில் சொல்லாமல் இருந்து, ஒருநாள் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி, எடுத்துக்கொள் என்றிருக்கிறார்.

"படகு எங்க கீதோ அங்கதான் அவுரு குந்துவாரு, யக்கா," என்றாள் கஸ்தூரி. "படகு கடைக்கு வந்துச்சுன்னா அவுரும் வருவாரு. இல்லாங்காட்டி அந்த மண்ணுலயே குந்திகினு வெந்து பூடுவாரு. எனுக்கு கடை ஓடுறது ரெண்டாவது."

இப்போது அது எனக்கு வெறும் ஷெல்ஃப் வேலையாகத் தெரியவில்லை. அந்த மனிதர் வந்து உட்காருகிற மாதிரி ஒரு கேபினைச் செய்து தரச் சொல்கிறாள் இவள். டிராயிங்கில் அதற்கு எங்கே இடம்?

படகைப் பிரிக்க நானும் பாயும் இரண்டு ஆட்களும் குப்பத்துக்குப் போனோம். ஏழுமலை வீட்டில் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எங்களுக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். படகின் தலைப்பக்கத்தைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றியிருந்தார். எங்கள் கால்களைப் பார்த்தார், நாங்களாகவே செருப்பைக் கழற்றிவிட்டோம். படகுக்குள் செருப்போடு யாரும் கால் வைப்பதில்லை, கவிழ்ந்து கிடந்தாலும் படகு படகுதான். எந்தப் பலகையை முதலில் எடுக்க வேண்டும், எங்கே நெம்பினால் பிளக்காது என்று இடது கையாலேயே காட்டிக்கொண்டிருந்தார்.

பாய் குட்டி யானை வண்டியைக் கரை வரைக்கும் கொண்டுவர ரோட்டுக்குப் போனபோதுதான் அவர் என்னிடம் பேசினார். வலதுபக்கத் தலைப் பலகையின் ஓரத்தில் பெயிண்ட் உரிந்து, நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு என்று அடுக்கடுக்காக வெங்காயத் தோல் மாதிரி தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு பூச்சு அடிப்பாராம். அந்த அடுக்கின் மேல் கட்டைவிரலை வைத்து, இது பொண்ணு பிறந்த வருஷம், இது அம்மா போன வருஷம், இது வலை நிறைய இறால் வந்த வருஷம் என்று காட்டினார். எந்த நிறத்தில் விரல் இருந்தது என்று நான் சரியாகக் கவனிக்கவில்லை. அந்த மனிதர் பேசுகிறாரே என்கிற சந்தோஷத்தில் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்கு வந்ததும் எல்லோரிடமும் சொன்னேன், இந்தப் பலகை எதையும் தேய்க்க வேண்டாம், தண்ணீரில் துடைத்து நிறமில்லாத வார்னிஷ் ஒரு கோட் மட்டும் போதும், பழைய பெயிண்ட் என்பதால் கருவாடு நேராகப் படக்கூடாது, ஜாடியும் பாக்கெட்டும் மட்டும்தான் வைக்க வேண்டும் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். பாயும் ஆட்டினார். இரண்டே நாளில் பக்கவாட்டு ஷெல்ஃப் எல்லாம் மாட்டியாகிவிட்டது. நடுச் சுவரில் நிற்க வேண்டிய அந்த அகலமான தலைப் பலகை மட்டும் பாக்கி இருந்தது.

கடை திறப்புக்கு முந்தின நாள் காலையில் நான் பட்டறைக்குள் நுழைகிறேன், தரையெல்லாம் நீலப் பொடி. மஞ்சளும் சிவப்பும் அதில் கலந்து கிடந்தன. பாய் விடியற்காலைத் தொழுகையை முடித்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்திருக்கிறார். மெஷின் வைத்துத் தேய்த்து, அதற்கு மேல் கையால் உப்புத்தாள் போட்டு, அந்தத் தலைப் பலகையைச் சந்தனக் கட்டை மாதிரி ஆக்கி வைத்திருந்தார். தாடியில் கூட நீலம் ஒட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாரு செல்விம்மா, கண்ணாடி மாரி கீது. மத்தது எப்படியோ பூட்டும், கடைக்குள்ள நொயஞ்சதும் கண்ணுல படுற பலகையாச்சும் ஷோக்கா இருக்க வாணாமா? கஷ்டப்பட்ட பொம்பள, நாளிக்கி நாலு பேரு வருவாங்க."

கோபத்தில் கத்தியிருப்பேன், ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? கூலிக்குச் செய்கிற வேலை இல்லை அது. ஷிப்டுக்கு முன்னால் வந்து, யாரும் கேட்காமல், பாசத்தில் செய்தது. அந்த அடுக்குகள் என்னவென்று மெல்லச் சொன்னேன். பாய் கையிலிருந்த உப்புத்தாளைப் பார்த்தார், தரையிலிருந்த பொடியைப் பார்த்தார். அப்படியே மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் கிரேன் வந்து கேபினைத் தூக்க வேண்டும். முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர். உன் கைவேலைக்கு இது ஒரு பெரிய விஷயமா, அதே மாதிரி பழைய பெயிண்ட் போட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. என்னால் முடியும். ஒரு கழிவுத் துண்டை எடுத்து நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, சூடு காட்டி, சங்கிலியால் தட்டி, ஓரத்தை உரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் வைத்தால் எது படகு, எது என் வேலை என்று கண்டுபிடிக்க முடியாது. பாயே அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் பலகைக்கு வந்தேன். பிரஷ்ஷை மஞ்சளில் தோய்த்துவிட்டு நின்றேன். பொண்ணு பிறந்தது மஞ்சளிலா பச்சையிலா? அம்மா போனது அதற்கு மேலா கீழா? பழைய பெயிண்டை நான் செய்துவிடுவேன், அந்த மனிதரின் வருஷங்களை எந்த டின்னில் இருந்து எடுப்பேன்? நாளைக்கு அவர் வந்து அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன்.

கஸ்தூரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். தேய்த்த பக்கம் தெரியாதபடி பலகையைத் திருப்பி மாட்டிவிடுங்கள், இப்போது சொன்னால் அவர் கடை வாசலைக்கூட மிதிக்க மாட்டார், பழகின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கெஞ்சினாள். அவளுக்கு எது முக்கியமோ அது என் கையில் இருந்தது. நான் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, "பாய், வண்டிய எடுங்க," என்றேன்.

முகத்துவாரக்குப்பத்தில் ஏழுமலை எங்கே இருப்பார் என்று யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை. படகு கிடந்த இடத்தில் அதைத் தாங்கின இரண்டு கட்டைகள் மட்டும் மண்ணில் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், படகு இருந்தபோது எப்படி உட்கார்ந்திருப்பாரோ அதே மாதிரி, முதுகைச் சாய்க்க எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பாய் தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். படகே இல்லாத இடத்தில்.

நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "நைனா, தலைப் பலகைய நான் தேச்சிட்டேன். இந்தம்மா வாணான்னு சொல்லிச்சு, நான் தான் நல்லா இருக்கட்டும்னு பண்ட்டேன். உன் பூச்சு ஒண்ணு கூட இல்ல. அடிக்கிறதுன்னா அடிச்சுடு."

ஏழுமலை எந்தப் பக்கத்துப் பலகை என்று மட்டும் கேட்டார். வலது பக்கம் என்றோம். முழுசாகவா என்று கேட்டார். முழுசாகத்தான் என்றோம். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தது, கஸ்தூரி முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று நான் நின்றேன். பாய் அந்த இரண்டு கட்டைகளையும் பார்த்தபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது ஏழுமலை இடது கையில் ஒரு பெயிண்ட் டின்னும், அக்குளில் துணி சுற்றின பிரஷ்ஷும் வைத்திருந்தார். டின்னின் மூடியில் நீலம் வழிந்து காய்ந்திருந்தது.

"இந்த வருசத்து பூச்சு இன்னும் அடிக்கல," என்றார். "வருசா வருசம் பேந்தத சொரண்டிட்டு தான் அடிக்கிறது. இந்த தபா எனுக்கு கை தூக்க முடில. பாயி சொரண்டிட்டாரு. கொஞ்சம் ஜாஸ்தியா சொரண்டிட்டாரு, அவ்ளோதான்."

பாய் அவரைக் கட்டிக்கொண்டார். வலது தோளை இறுக்கிவிட்டார் போல, ஏழுமலை வலி தாங்காமல் கெட்ட வார்த்தையில் திட்டினார். பல மாதமாக யாரோடும் சரியாகப் பேசாத மனிதர் திட்டியதைக் கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாயின் டூவீலரில் மூன்று பேராக நெருக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தோம். யாரும் ஹெல்மெட் பற்றிக் கேட்காதீர்கள், அந்த விஷயத்தில் எங்களைப் பின்பற்றவும் வேண்டாம். பலகையை நடுச் சுவரில் மாட்டச் சொல்லி, மாட்டிய பிறகுதான் பூசுவேன் என்றார். பிளைவுட்டை நம்பாமல் பின்னாலிருக்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டினோம். அவர் இடது கையால் பூசினார், பாய் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழகாத கை என்பதால் கோடு கோடாக விழுந்தது. ஃபினிஷிங் சூப்பர்வைசராக அந்த வேலையை நான் ரிஜெக்ட் பண்ணியிருக்க வேண்டும். சுற்றிலும் உரிந்த பழைய பலகைகள், நடுவில் பளீரென்று ஒரு நீலம். டிராயிங் தம்பி வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். கிரேன் வந்து கேபினை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கடை இடத்தில் இறக்கியது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. படகுக்கு அடிக்கிற பெயிண்ட், அதுவும் அவர் தாராளமாக அப்பியிருந்தார். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஒரே ராத்திரியில் அது காயாது. மறுநாள் காலையில் கடை திறப்பு. பக்கத்து ஷெல்ஃப்களில் ஜாடிகள் நிறைந்திருக்க, நடு ஷெல்ஃப் மட்டும் காலியாக, ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அத்தனை சின்ன கேபினுக்குள் ஜனங்கள் நுழைந்தால் யார் தோளாவது அதில் படாமல் இருக்காது. யாராவது அதன் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு யார் உட்காருவார்? கஸ்தூரி ஒரு ஸ்டூலைத் தள்ளி வைத்தாள், கூப்பிடவில்லை. ஏழுமலை செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். வருகிறவர்களையெல்லாம் கை வைக்காதே, பூச்சு காயவில்லை என்று விரட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு அம்மா சென்னாக்குன்னி கேட்க, கஸ்தூரியின் இரண்டு கையும் வேலையாக இருந்தன. ஏழுமலை கொஞ்ச நேரம் அந்த அம்மாவையே பார்த்தார். பிறகு எழுந்து ஜாடியை எடுத்து நிறுத்து, இடது கையாலேயே பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார். கஸ்தூரி திரும்பி நின்று முந்தானையில் முகத்தைத் துடைத்ததை நானும் பாயும் பார்த்தோம், பார்க்காத மாதிரி வெளியே வந்து சோடா குடித்தோம்.

எத்தனை கோட் என்று கேட்டாயே பெண்ணே, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய மரம் வந்தால், உப்புத்தாளை எடுப்பதற்கு முன்னால் அந்த மரம் எந்த வீட்டிலிருந்து வந்ததோ அங்கே ஒரு தடவை போய்வா. மரத்தை வைத்திருந்தவரோடு ஒரு டீ குடி. அவர் விரல் எங்கே போய் நிற்கிறது என்று பார், நான் பார்த்தது மாதிரி முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே. அப்புறமும் தப்பு நடக்கும், பாசத்திலேயே நடக்கும். நடந்தால், அதை மூடி மறைக்கிற அளவுக்கு உன் கையில் திறமை இருக்கிறதே என்று சந்தோஷப்படாதே. முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போ.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். கடையில் கஸ்தூரி இல்லை, ஏழுமலைதான் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தார். நடு ஷெல்ஃபில் இருந்த ஜாடிகளை எல்லாம் கீழே இறக்கி வைத்திருந்தார். ஊர்க்கதை பேசிக்கொண்டே நெத்திலியைப் பார்ப்பதற்காகக் குனிந்தேன்.

"கை வெக்காதம்மா, இந்த வருசத்து பூச்சு காயல," என்றார்.

அதற்குள் என் கட்டைவிரல் பட்டுவிட்டது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரைக்கும் அந்த நீலத்தைத் துடைக்காமலே வைத்திருந்தேன்.